மூன்று புள்ளி ஐந்து எட்டு

பத்தாம் நம்பர் லயம்,
மேல் டிவிசன், கிளென்மோரா தோட்டம்,
கொத்மலை.
2025 மார்ச் 2

அன்புள்ள கிருஷா,

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாய். ஒன்றும் ஆகவில்லை. உன் அம்மா நன்றாக இருக்கிறார். நேற்றும் பதினெட்டுக் கிலோ கொழுந்து எடுத்துவிட்டு, கால் வலிக்கிறது என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

போனில் பேசலாம்தான். ஆனால் இங்கே சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் காலையில் வேலைக்குப் பெயர் பதிகிற பெரட்டுக் களத்துக்கு மேலே உள்ள பாறை. அந்தப் பாறையில் எந்நேரமும் பத்துப் பேர் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பத்துப் பேர் கேட்க எனக்குப் பேச வராது என்பது பள்ளிக்கூடத்திலிருந்தே உனக்குத் தெரியும்.

லயத்துக்கு மேலே கைவிட்ட மலையில் ஒரு வெடிப்பு இருக்கிறது. போன வருடம் விரல் நுழையும் அளவுதான். இப்போது கை நுழைகிறது. நுவரெலியாவிலிருந்து அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். லயத்து வரிசையின் பன்னிரண்டு வீட்டுச் சுவரிலும் சிவப்புப் புள்ளி வைத்தார்கள். மழை வந்தால் பாடசாலைக்குப் போய்விடுங்கள், வேறு காணி தருவோம் என்றார்கள். அது நடந்து மூன்று வருடம். புள்ளிகூட மங்கிவிட்டது.

உன் அம்மா வெடிப்பின் இரண்டு பக்கமும் குச்சி நட்டிருக்கிறார். கொழுந்து நிறுத்துவிட்டு வரும்போது தினமும் விரலை வைத்து அளக்கிறார். நேற்று அதைப் பற்றிச் சொன்னார்: “நேத்தும் ரெண்டு விரக்கடை, இன்னைக்கும் ரெண்டு விரக்கடை. ஆனா என் வெரலு வீங்கிக் கெடக்கு டீச்சர். வீங்கின வெரல நம்பலாமான்னு தெரியல.”

நீ ஆஸ்பத்திரிக் கருவிகள் திருத்துகிறவள். இதயத் துடிப்பையே அளக்கிற பெட்டிகளைத் திறந்து மூடுகிறாய். ஒரு வெடிப்பை அளக்க ஏதாவது செய்ய முடியுமா? மழைக்கு முன் வேண்டும்.

பதிலைத் தபாலில் போடாதே. லயத்து முகவரி எழுதினாலும் கடிதம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும், உனக்கு மறந்திருக்காது. அங்கே தபால் கூண்டில் கிடந்து, சம்பளத்தன்று பெயர் கூப்பிட்டுத் தருவார்கள். ஹட்டன் பஸ்ஸில் கொடுத்துவிடு. நல்லமுத்து அண்ணன் டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறார், அவர் வாங்கி வருவார்.

நீ வந்து இரண்டு வருடம் ஆகிறது. அம்மா அதைச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

உன்,
சுலக்ஷனா

*

வெள்ளவத்தை
2025 மார்ச் 16

அன்புள்ள சுலா,

பார்சலைக் கவனமாகப் பிரி. உள்ளே ஒரு பெட்டி, ஒரு குமிழ், முப்பது மீட்டர் வயர், ஒரு மணி. கடிதத்தை முழுவதும் படித்த பிறகு கை வை. நீ கதைப் புத்தகத்தில் கடைசிப் பக்கத்தை முதலில் படிக்கிறவள்.

குமிழ் என்பது ரேடியோவில் சத்தம் கூட்டிக் குறைப்போமே, அதேதான். அதன் தலையில் ஒரு சிறு உருளை பொருத்தியிருக்கிறேன். உருளையில் சுற்றிய கம்பியின் நுனியை வெடிப்புக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பத்தில் கட்ட வேண்டும். குமிழ் இந்தப் பக்கக் கம்பத்தில். வெடிப்பு விரிந்தால் கம்பி இழுபடும், குமிழ் திரும்பும், அதிலிருந்து வரும் வோல்ட் மாறும்.

பிரச்சினை இனித்தான். வெடிப்பு ஒரு சென்டிமீட்டர் விரிந்தால் மாற்றம் வெறும் 0.05 வோல்ட். அதுவும் பூச்சியத்திலிருந்து தொடங்குவதில்லை. இப்போது 1.10. ஒரு சென்டிமீட்டர் விரிந்தால் 1.15. அம்மா இதைப் பார்த்து என்ன தெரிந்துகொள்வார்? வேண்டாததைக் கழித்து, மிஞ்சும் சின்னதைப் பெருக்க வேண்டும். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கென்று இத்தனை கிலோ கழிப்பார்களே, அதுபோல. இங்கே கழிப்பது மட்டும் நியாயமாகக் கழிக்கிறது. 1.05ஐக் கழித்து இருபதால் பெருக்குகிறேன். இப்போது 1.00 காட்டும். ஒரு சென்டிமீட்டர் விரிந்தால் 2.00. இரண்டு சென்டிமீட்டருக்கு 3.00. நான்கு வந்தால் மணி அடிக்கும். மணி அடித்தால் கேள்வி இல்லை, எல்லோரும் ஓட வேண்டும்.

ஏன் ஒன்றில் தொடங்குகிறது என்று கேட்பாய். பூச்சியம் காட்டினால் வயர் அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்காகத்தான்.

கழிப்பதும் பெருக்குவதும் எட்டுக் கால் உள்ள ஒரு சிப். நம் புத்தகத்தில் ‘செயற்பாட்டு விரியலாக்கி’ என்று படித்தோமே, அதுதான். பரீட்சையில் வரைபு வரையச் சொன்னார்கள், நினைவிருக்கிறதா? கோடு சரிந்து ஏறி ஏறிப் போய், மேலே தட்டையாகிவிடும். ஊட்டுகிற வோல்ட்டுக்கு மேலே அதனால் தர முடியாது. இந்தச் சிப் அதற்கும் ஒன்றரை வோல்ட் கீழேயே நின்றுவிடும். அதனால் பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில்தான் ஓட்ட வேண்டும். அப்போது பத்து வரை தாராளமாகப் போகும்.

அம்மாவை இங்கே கூப்பிட்டேன். “ஒன் ரூமுக்குள்ள நான் எங்க நிக்கிறது” என்றார். அது உண்மை. இன்னொரு உண்மையும் இருக்கிறது, உனக்கு மட்டும் சொல்கிறேன். வீட்டுக்காரருக்கு நான் கண்டி டவுன் பெண். தோட்டம் என்று சொன்ன இரண்டு இடத்தில் அறை இல்லை என்றார்கள். மூன்றாவது இடத்தில் வாய் தானாகக் கண்டி என்றது. அம்மா வந்தால் முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிடும்.

கோபப்படாமல் பெட்டியைப் பொருத்து.

கிருஷாந்தி

*

கிளென்மோரா, மேல் டிவிசன்
2025 ஏப்ரல் 6

அன்புள்ள கிருஷா,

பொருத்தியாகிவிட்டது. 1.00. சரியாக ஒன்று. மீட்டரில் அந்தச் சிவப்பு எண் எரிந்தபோது எனக்கு ஏனோ அழுகை வந்தது. வெளியே போய் நின்றுவிட்டு வந்தேன்.

பெட்டி உன் அம்மாவின் வீட்டில், காம்பராச் சுவரில், சாமிப் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. லயத்தின் கடைசி வீடு என்பதால் வயர் அங்கேதான் எட்டியது. நல்லமுத்து அண்ணன் த்ரீவீலுக்குப் புது பேட்டரி போட்டதால் பழையதைத் தந்தார். ஒருநாள் விட்டு ஒருநாள் பேக்டரியில் சார்ஜ் செய்து தருகிறார். கம்பம் நட்டதும் அவர்தான். கம்பி கட்டும்போது கேட்டார்: “மலைக்கே இசிஜி எடுக்குறீங்க. பல்ஸ் இருக்கா டீச்சர்?”

அன்று மாலை லயமே வந்து வாசல் இஸ்தோப்பில் நின்று எண்ணைப் பார்த்தது. உன் அம்மா யாரையும் கிட்டே விடவில்லை. “தொடாத, தொடாத. எம் மக அங்க குந்தியிருக்கா.” பக்கத்துக் காம்பரா சண்முகவடிவு அக்கா விடுவாரா? “ரெண்டு வருசமா வராத மக, இப்ப வந்து குந்திக்கிட்டு ஒன்னு ஒன்னுன்னு சொல்றாளாக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். ஏழு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அந்த அக்காவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

அம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது, எண் வரும். கொழுந்துச் சிட்டை பார்த்துப் பழகிய எண். காலையில் பெரட்டுக்குப் போகும் முன் நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்னால் எண்ணை எழுதி என்னிடம் தருகிறார். நான் கொப்பியில் பதிகிறேன். முதல் வாரம் 1.00, 1.00, 1.01, 1.00.

கண்டி பற்றி நீ எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். எனக்குக் கோபம் இல்லை. நான் இங்கேயே இருப்பதால் யாரிடமும் பொய் சொல்லத் தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அதை என் நேர்மை என்று நினைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை.

சுலா

*

வெள்ளவத்தை
2025 மே 4

அன்புள்ள சுலா,

1.00க்கும் 1.03க்கும் இடையே ஆடுவது வெயிலால். கம்பி சூட்டில் நீளும். அதைப் பார்த்துக் கலங்காதே.

ஒரு செய்தி. வேலைத்தளத்தில் ஜூலியன் என்று ஒருவர் இருக்கிறார். மட்டக்களப்பு. நல்லவர். அவர் வீட்டார் ஜூலையில் பேச வருகிறார்கள். அவருக்கு என்னைப் பற்றி எல்லாம் தெரியும், அவர் வீட்டாருக்குத் தெரியாது. பேச்சு முடிந்ததும் நானே அம்மாவிடம் வந்து சொல்கிறேன். அதுவரை நீ சொல்லாதே.

‘முடிந்ததும்’ என்று எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். முன்பே சொல்ல வேண்டியதை முடிந்தபின் சொல்வதற்கு எனக்குப் பழகிவிட்டது.

மழை எப்போது பிடிக்கும்?

கிருஷா

*

கிளென்மோரா, மேல் டிவிசன்
2025 ஜூன் 8

அன்புள்ள கிருஷா,

பிடித்துவிட்டது. ஒன்பது நாளாக விடவில்லை. டவுன் பாதையில் இரண்டு இடத்தில் மண் சரிந்து பஸ் இல்லை. பாறையிலும் சிக்னல் இல்லை. இந்தக் கடிதத்தை டவுனுக்கு நடந்து போகும் ஒருவரிடம் கொடுத்து, தபாலில் போடச் சொல்கிறேன். எப்போது வரும் என்று தெரியாது.

எண்கள்: ஜூன் 2, 1.22. ஜூன் 3, 1.40. ஜூன் 4, 1.86. அன்று மாலையே நானும் நல்லமுத்து அண்ணனும் வீடு வீடாகப் போனோம். யாரும் வாதாடவில்லை. அதிகாரிகள் மூன்று வருடமாகச் சொன்னதைக் கேட்காதவர்கள், உன் பெட்டி சொன்னதைக் கேட்டார்கள். பன்னிரண்டு குடும்பமும் பாடசாலைக்கு வந்துவிட்டது. ஜூன் 6, 2.35. இன்று 2.91.

பாடசாலையில் இரண்டு வகுப்பறை, ஒரு கக்கூஸ், ஐம்பத்தோரு பேர். சீமெந்துத் தரை ஈரம் கசிகிறது. பிள்ளைகளுக்கு இருமல். காலையில் இங்கிருந்தே பெரட்டுக்குப் போகிறார்கள். வேலைக்குப் போகாவிட்டால் பெயர் விழாது, அன்றைய சம்பளமும் இல்லை. அம்மா மட்டும் பெரட்டுக்கு முன் லயத்துக்கு ஏறிப் போய் எண்ணைப் பார்த்துவிட்டு வருகிறார். நான் போகிறேன் என்றால் விடவில்லை. “எம் மகள நான் பாக்கப் போறேன், ஒனக்கு என்ன?”

ஒரு நல்ல செய்தி. வெள்ளிக்கிழமை சண்முகவடிவு அக்காவுக்கு வலி வந்துவிட்டது. நல்லமுத்து அண்ணனின் த்ரீவீல் நனைந்து கிளம்பவில்லை, புது பேட்டரி செத்துவிட்டது. பெட்டியிலிருந்த பழைய பேட்டரியைக் கழற்றிப் போட்டார். அது கிளம்பியது. சரிவு வரை ஓட்டி, அங்கிருந்து சாக்கில் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நின்ற லொறியில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை. திரும்பும் பாதையிலும் மண் விழுந்து த்ரீவீல் அங்கேயே மாட்டிக்கொண்டது, பேட்டரியும் அதோடு.

பெட்டியை இருட்டில் விட முடியாதே. பாடசாலைக்குக் கன்னியாஸ்திரிகள் தந்த சோலார் விளக்குப் பெட்டி ஒன்று இருக்கிறது. போன் சார்ஜ் செய்ய அதில் ஒரு துளை உண்டு. அதை லயத்துக்கு எடுத்துப் போய், அதிலிருந்து பெட்டிக்கு வயர் கொடுத்தேன். உடனே எரிந்தது. பேட்டரியில் என்ன காட்டியதோ அதையே காட்டியது, இரண்டாவது தசமம் வரை. மணியின் வயரையும் நேராகத் தொட்டுப் பார்த்தேன், அடிக்கிறது. உன் பெட்டிக்கு வித்தியாசமே தெரியவில்லை.

எனக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாக இருக்கிறது. அதை எழுத வேறு ஆள் இல்லாததால் உனக்கு எழுதுகிறேன்.

சுலா

*

கிளென்மோரா, மேல் டிவிசன்
2025 ஜூன் 12

அன்புள்ள கிருஷா,

நின்றுவிட்டது.

ஒன்பதாம் தேதி 3.37 ஆனது. மணி அடிக்கப் போகிறது என்று எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். பத்தாம் தேதி 3.58. பதினொன்று, 3.58. இன்றும் 3.58. நானே ஏறிப் போய் அரைமணி நேரம் மீட்டர் முன் நின்றேன். வெயிலில்கூட இப்படி ஆடாமல் இருந்ததில்லை. மழை பெய்கிறது, ஆனால் மலை உட்கார்ந்துவிட்டது.

சொன்னதும் வகுப்பறையே மூச்சு விட்டது. இங்கே இனித் தாங்காது, கிருஷா. நேற்று இரண்டு பிள்ளைகளுக்கு வாந்தி. ஆபீசிலிருந்து ஆள் வந்து, திங்கட்கிழமை பாடசாலை திறக்க வேண்டும், எப்போது காலி செய்வீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். ஆறு குடும்பம் நாளை லயத்துக்குத் திரும்புவதாகச் சொல்கிறது. நானும் சரி என்றேன். மணி இருக்கிறது, நான்கு வந்தால் அடிக்கும், இறங்கி வந்துவிடலாம் என்றேன்.

உன் அம்மா மட்டும் யோசிக்கிறார். வெடிப்புப் பக்கம் போய்ப் பார்த்தாராம். “எண்ணு நிக்கிது, சரி. ஆனா குச்சி சாஞ்சு கெடக்கே டீச்சர்” என்கிறார். மழையில் குச்சி சாயும்தானே.

நீ ஜூலையில் வரும்போது எல்லாவற்றையும் பேசுவோம். ஜூலியன் பற்றி நான் வாயே திறக்கவில்லை. ஆனால் அம்மாவுக்கு ஏதோ தெரியும். பெட்டியைத் துடைக்கும்போது, “கல்யாணத்துக்காவது கூப்பிடுவியாடி” என்று அதனிடம் கேட்டதை நான் கேட்டேன்.

சுலா

*

வெள்ளவத்தை
2025 ஜூன் 13, மாலை

சுலா,

உன் எட்டாம் தேதிக் கடிதம் இன்று மதியம் வந்தது. உடனே எழுதுகிறேன். முதலில் இதைப் படி: யாரையும் லயத்துக்குப் போக விடாதே. பெட்டி என்ன காட்டினாலும் விடாதே.

போன் சார்ஜ் துளையில் வருவது ஐந்து வோல்ட். சிப் அதற்கு ஒன்றரை கீழே நின்றுவிடும். 3.5, 3.6 வரை எல்லாம் சரியாகத்தான் காட்டும். அதற்கு மேல் வெடிப்பு ஒரு சாண் விரிந்தாலும் அதே எண்தான். அசையாது. அசையாமல் நின்றால் மண் நின்றது என்று அர்த்தமில்லை, சிப் கூரையில் முட்டி நிற்கிறது என்று அர்த்தம். மணி நான்கில் அடிக்கும்படி வைத்தேன். நான்கு இனி வரவே வராது.

நீ எழுதிய நாளிலேயே 2.91. ஒரு நாளைக்கு அரை வோல்ட் ஏறினால் பத்தாம் தேதியே முட்டியிருக்கும். இன்று பதின்மூன்று.

உன் போன் இல்லை. நல்லமுத்து அண்ணன் போன் இல்லை. தோட்டத்து ஆபீசுக்கு இருபது முறை அடித்தேன். கடைசியில் ஒருவர் எடுத்தார். பத்தாம் நம்பர் லயத்து ஆட்களை லயத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள், சுலக்ஷனா டீச்சரிடமும் சொல்லுங்கள் என்றேன். “அத தொர தான் சொல்லணும் மிஸ். நீங்க யாரு பேசுறது?” என்றார். மீனம்மா மகள் என்றேன். கேட்கவில்லை போல. கிளென்மோரா, மேல் டிவிசன், பத்தாம் நம்பர் லயம், மீனம்மா மகள் என்று கத்தினேன். வீட்டுக்காரரும் மனைவியும் கூடத்தில் டிவியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள். “எழுதி வைக்கிறேன், டீச்சர் வந்தா குடுக்கிறோம்” என்றார் அவர்.

இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் போடுகிறேன். ஆபீஸ் வழியாகத்தான் வரும் என்று தெரியும். வேறு வழி தெரியவில்லை. ரயில் நாவலப்பிட்டி வரைதான் போகிறதாம். காலையில் அதில் ஏறி, அங்கிருந்து நடக்கிறேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஊட்டுகிற வோல்ட்டை முழுவதும் தொடுகிற சிப் வேறொன்று இருக்கிறது. புறக்கோட்டையில், குமிழ் வாங்கிய கடைக்கு இரண்டு கடை தள்ளி இருந்தது. அதைப் போட்டிருந்தால் ஐந்து வோல்ட்டிலும் நான்கு வந்திருக்கும், மணி அடித்திருக்கும். அன்று மழை. வேலைத்தள மேசையில் கிடந்ததையே எடுத்துப் போட்டேன்.

அம்மாவை உன்னோடு வைத்துக்கொள். உன் கையைப் பிடித்துக் கேட்கிறேன்.

கிருஷாந்தி

*

கிளென்மோரா
2025 ஜூலை 20

கிருஷாந்திக்கு,

உன் பதின்மூன்றாம் தேதிக் கடிதம் ஜூலை பத்தாம் தேதி கையில் கிடைத்தது. சம்பளத்தன்று பெயர் கூப்பிட்டார்கள். நீ போனில் சொன்னதை எழுதிய துண்டும் அதனோடு நூலால் கட்டியிருந்தது. ‘மீனம்மா மகள் பேசினார். லயத்துக்குப் போக வேண்டாமாம்.’ எழுத்து அழகாக இருந்தது.

பத்து நாளாக இதற்கு எப்படிப் பதில் எழுதுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

என் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தை நீ திரும்பிப் போனபோது கதவடியில் பார்த்திருப்பாய். அம்மா யோசித்தார் என்று அதில் இருக்கும். அதற்குப் பிறகு நடந்தது அதில் இல்லை. உன்னிடம் நேரிலும் நான் சொல்லவில்லை.

பதின்மூன்றாம் தேதி மாலை ஆறு குடும்பமும் சாமான் கட்டியது. உன் அம்மா மூலையில் உட்கார்ந்திருந்தார். “நான் இங்கனயே கெடக்குறேன். அந்தக் குச்சி சரியில்ல” என்றார். நான் கொப்பியை எடுத்துக் காட்டினேன். 3.58, 3.58, 3.58, 3.58. விரல் வைத்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். “பெரியம்மா, உங்க மக செஞ்சது. அது பொய் சொல்லுமா?” என்று கேட்டேன். அவர் கொப்பியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து பாயைச் சுருட்டினார். வேறு யார் என்ன சொல்லியிருந்தாலும் அவர் போயிருக்க மாட்டார். எனக்கு அது தெரிந்துதான் அப்படிச் சொன்னேன்.

மீதிக் குடும்பங்களோடு நான் பாடசாலையிலேயே படுத்தேன். மறுநாள் காலை நல்லமுத்து அண்ணன் லயத்தைத் தாண்டி அங்கே வந்தார். அம்மா நாட்காட்டித் தாளை அவரிடம் கொடுத்தனுப்பியிருந்தார். ஆறு மணி இருக்கும். வாங்கிப் பார்த்தேன். கொப்பியைத் திறந்து பதிந்தேன். கொப்பியை மூடுவதற்கு முன் மலை சரியும் சத்தம் கேட்டது. பெரட்டுக்கு முந்திக் கிளம்பியவர்கள் பாதையில் நின்றார்கள். கிளம்பாதவர்கள் நான்கு பேர். அம்மா, அழகுமுத்து தாத்தா, மூன்றாம் காம்பராப் பெண், அவளுடைய மகன்.

நீ சேறு படிந்த காலோடு பதினைந்தாம் தேதி வந்து நின்றாய். எட்டு நாள் இருந்தாய். ஜூலியன் வந்தார். அவர் வீட்டார் வரவில்லை. வந்தவர்களிடமெல்லாம், நான் செய்த பெட்டிதான் கொன்றது என்று நீ சொன்னாய். போகிற அன்று என் தோளில் முகத்தை வைத்து, “நீயாவது அவங்க பக்கத்துல இருந்தியே” என்றாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன். அப்போது சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை என்று எழுதினால் அது பொய். சொல்லாவிட்டால் நீ இன்னும் கொஞ்ச நேரம் தோளில் இருப்பாய் என்பதால் சொல்லவில்லை.

சிப்பை மறந்துவிடு. நீ மார்ச்சிலேயே எழுதினாய். பன்னிரண்டு வோல்ட் என்று எழுதினாய், ஏன் என்றும் எழுதினாய். அந்த வரைபை நானும் வரைந்தேன். சரிந்து ஏறி மேலே தட்டையாகும் கோடு. பரீட்சையில் அதற்கு முழுப் புள்ளி வாங்கினேன். அதே கோட்டை நாலு நாள் என் கையாலேயே கொப்பியில் எழுதிவிட்டு, மலை உட்கார்ந்துவிட்டது என்று ஐம்பது பேரிடம் சொன்னேன். நிறைய வாசிக்கிறவள் என்று எனக்கு இங்கே பெயர்.

பெட்டியை இராணுவத்தினர் மூன்றாம் நாள் மண்ணிலிருந்து எடுத்தார்கள். சோலார் விளக்கோடு சேர்ந்தே வந்தது. டீச்சருடையதா என்று கேட்டு என்னிடம் தந்தார்கள். கழுவாமல் மேசையில் வைத்திருந்தேன். ஒருநாள் ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். வெயில் பட்டு மீட்டர் எரிந்தது. 0.00. பூச்சியம் என்றால் வயர் அறுந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே. அதைச் சரியாகச் சொல்கிறது.

அம்மாவின் கடைசித் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜூன் 14. பின்னால் 3.58, அவர் கையெழுத்தில். எட்டைக் கீழிருந்து மேலாகத்தான் போடுவார், தெரியுமா? இது உன்னுடையது. நான் வைத்திருக்கக் கூடாது.

பதில் எழுதாதே. நேற்று ஆபீசுக்குப் போய், என் பெயருக்கு வருவதைக் கூண்டில் வைக்க வேண்டாம், அனுப்பியவருக்கே திருப்பிவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்து வந்தேன். நீ மன்னித்து எழுதினால் என்னால் வாசிக்க முடியாது. மன்னிக்காமல் எழுதினாலும் முடியாது.

மீதிக் குடும்பங்களை எட்டாம் நம்பர் லயத்தில் காம்பராவுக்கு இரண்டு குடும்பமாகப் போட்டிருக்கிறார்கள். சண்முகவடிவு அக்காவும் குழந்தையும் அங்கேதான். அந்த லயத்துக்கு மேலேயும் ஒரு வெடிப்பு இருக்கிறது. யாரோ இரண்டு பக்கமும் குச்சி நட்டிருக்கிறார்கள். மாலையில் போய் விரலால் அளந்துவிட்டு வந்து என்னிடம் சொல்கிறார்கள். ஒரு விரக்கடை, ஒன்றரை விரக்கடை.

நான் ஒன்றும் சொல்வதில்லை.

சுலக்ஷனா